பின்சக்கரம் காட்டும் திரை

என் தம்பி ஜெரோமின் திரை செத்தபோது நான் அவனுக்குக் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம். பச்சை எழுத்துகள் எல்லாம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கின. கோடு புள்ளியானது. புள்ளியும் போனது. அறை முழுக்கக் கருகிய ரப்பர் வாடை.

திரைக்குக் கீழே இருந்த பலகை மட்டும் எதுவுமே நடக்காததுபோல டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். அவனால் பார்க்கவும் கண் சிமிட்டவும்தான் முடியும். இடது கால் பெருவிரலை லேசாக அழுத்தவும்.

தூத்துக்குடியில் டி.வி. பழுது பார்ப்பதில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. நரம்பு நோய் வந்து முதலில் கைவிரல் போனது, பிறகு கை, பிறகு நாக்கு. வரப்போவது தெரிந்ததும், கை ஓடிய காலத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த சாமான் அது. தட்டச்சுப் பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் இருக்கும். டி.வி.யில் சொருகினால் ஓடும். நாங்கள் அதைப் பலகை என்றே சொல்வோம்.

அதில் அவன் ஒரு ஏற்பாடு செய்து வைத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். பளிச்சென்ற ஒரு கட்டை மேலிருந்து கீழே இறங்கும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அவன் கால்விரலுக்கடியில் இருக்கும் விசையை அழுத்துவான். அப்புறம் கட்டை பக்கவாட்டில் நகரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு அழுத்து. கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி. "சோறு" என்று சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

புது மிஷின்கள் எத்தனையோ இருக்கின்றன. பேச்சு இருந்த காலத்தில் அவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தள்ளி வைத்தான். "நான் ஆரம்பிச்சா அது முடிச்சிருதுக்கா. அப்பம் பேசுறது யாரு, நானா அதுவா?" என்றான்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. உப்பு வாரிய கை. நாற்பது வயதுக்கு மேல் அந்தத் திரையைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேறு வழி இல்லை. அதனால் எனக்கு இன்றைக்கும் எழுத்து, அ ஆ என்று வரிசையாக வராது. க, ல, த என்றுதான் வரும். அவனுக்கு அடிக்கடி வேண்டியதை அவன் மேலே வைத்திருந்தான்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை டாக்டர் மிதுனா வருவதாக இருந்தது.

போன தடவை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினார். "மூச்சு இறங்கிட்டே வருதும்மா. தொண்டையில துளை போட்டு மூச்சு மிஷின் வைக்கணும். வச்சா வருஷக்கணக்கா இருக்கலாம். வைக்கலைன்னா இந்த மழைக்காலம் தாண்டுறதே கஷ்டம். வைக்கணுமா வேண்டாமான்னு அவர் சொல்லணும்."

"கண்ண சிமிட்டுவான் டாக்டர். ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு."

"அது சட்டப்படி செல்லாது. வீட்டு ஆளுங்க கேள்விய வளைச்சுக் கேட்டு, சிமிட்ட வச்சு, நிறைய தப்பு நடந்திருக்கு. அவரோட சொந்த வாக்கியம் வேணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். மிஷின் வச்சா ஒருத்தர் ராப்பகலா பக்கத்துலயே இருக்கணும். சளியை உறிஞ்சி எடுத்துட்டே இருக்கணும். அசந்தா ஆள் போயிடுவாங்க. வீட்ல நீங்க மட்டும்தானே?"

"நான் போதும்," என்றேன்.

ஜெரோமின் கண் அப்போது என் இடுப்பில் நின்றது. முதுகு வலிக்காக நான் கட்டியிருந்த பட்டையில். வேர்வையில் அது நாறுகிறதோ என்று நினைத்துச் சேலையை இழுத்து மூடினேன்.

*

செத்த திரையைத் துணியில் கட்டி அருள்தாஸ் கடைக்குக் கொண்டுபோனேன். ஜெரோமோடு சேர்ந்து வேலை பார்த்தவன் அருள்தாஸ். முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"படக்குழாய் போயிட்டே எக்கா. உப்புக் காத்து. உள்ள பூரா துரு."

"வேற குழாய் மாட்டு."

"எங்க போவேன்? ஊர்ல இருந்த குழாயெல்லாம் ஈயத்துக்காக வாங்கி வாங்கி உடைச்சாச்சு. நானே ரெண்டு லோடு ஏத்திவிட்டேன்."

"புதுத் திரைல போட முடியாதா?"

"பலகை பேசுறது பழைய பாஷை. புதுத் திரைக்கு அது விளங்காது. நடுவுல ஒரு மாத்துப்பெட்டி வச்சா விளங்கும்." அவன் காதைச் சொறிந்தான். "ஆனா அது சும்மா இருக்காது, கேட்டியளா."

"சும்மா இருக்காதுன்னா?"

"இப்பம் எவனும் படத்த முழுசா அனுப்புறதில்லக்கா. இம்புட்டு ஜனத்துக்கும் முழுசா அனுப்புனா கம்பியும் தாங்காது, கரண்டும் தாங்காது. துளியூண்டு அனுப்புவான். மிச்சத்தத் திரையே யூகிச்சுப் போட்டுக்கிடும். அதுக்கு நிரப்பின்னு ஒரு சில்லு. படம்னா படத்த நிரப்பும், எழுத்துன்னா எழுத்த நிரப்பும்."

"அந்தச் சவத்தக் கழத்திப் போடு."

"கழத்துனா திரை கறுப்பாயிரும். ரெண்டும் ஒட்டிப் பொறந்தது."

எனக்குக் கிளாரா ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன் மஸ்கட்டில் இருந்தான். வாரா வாரம் திரையில் வருவான், கன்னம் உப்பி, எண்ணெய் வழிய. "என் பிள்ளைக்கு அந்த ஊர் ஒத்துக்கிட்டு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் வாசலில் ஒரு எலும்புக்கூடு பையோடு வந்து நின்றது. "யாருப்பா, யாரப் பாக்கணும்?" என்று பெற்ற மகனைக் கேட்டாள். அவனுக்கு அங்கே காச நோய் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முகம் கொஞ்சம்தான் வந்திருக்கிறது. மீதியைத் திரை அவன் நன்றாக இருந்த நாளிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது.

"எழுத்துதானக்கா," என்றான் அருள்தாஸ். "எழுத்துல என்னத்த நிரப்பப் போவுது? கொண்டுபோய்ப் பாருங்க."

வேறு என்ன செய்ய? கொண்டுபோனேன்.

*

புதுத் திரை அழகாகத்தான் இருந்தது. ஜெரோம் செய்து வைத்திருந்த கட்டை கட்டையான எழுத்துகளைப் பார்த்ததும் அது உடனே அச்சடித்த எழுத்தாக மாற்றிவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. விரலுக்கடியில் விசையை வைத்தேன். கட்டை இறங்கியது. அவன் க எடுத்தான், ஞ எடுத்தான், புள்ளி வைத்தான். சி வருவதற்கு முன்னாலேயே முழு வாக்கியம் வந்து நின்றது.

"கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறது. நன்றி, அக்கா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறந்ததிலிருந்து என் சமையலை அவன் நல்லது என்று சொன்னதில்லை. உப்பளத்துக்காரி வீட்டில் உப்பு மட்டும் ஒருநாளும் சரியாக இருக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன். "நன்றியா? யாருட்டல சொல்லுத?" என்று அவன் கன்னத்தில் தட்டினேன்.

அவன் சிரிக்கவில்லை. கண் விரிந்திருந்தது. மறுபடி அழுத்தினான். ச. வ.

"சற்று ஓய்வு தேவை."

அவன் என்ன திட்டியிருப்பான் என்று எனக்குத் தெரியும். சவத்தைத் தூக்கி வெளியே போடு என்றிருப்பான். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அப்புறம் மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக எடுத்தான். வார்த்தை முடிவதற்குள் திரை முடித்துவிட்டது.

"உன்னால் எல்லாம் முடியும்."

எனக்குத் தைரியம் சொல்கிறான் என்று நினைத்தேன். மறுபடி அதையே எழுதினான். மறுபடி அதே வந்தது. மூன்றாம் தடவையும் "உன்னால் எல்லாம் முடியும்." வாழைப்பழக் கடையில் மாட்டியிருக்கும் காலண்டர் மாதிரி. அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கடைசியாக ஆபரேஷன் என்று தொடங்கினான். பாதி கூட ஆகவில்லை.

"அறுவைச் சிகிச்சைக்கு எனக்கு முழுச் சம்மதம்."

என் நெஞ்சு அப்படியே குளிர்ந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துவிட்டேன்.

ஜெரோம் விரலை விசையிலிருந்து எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

*

டாக்டருக்குப் போன் போட்டேன். அவருக்கும் சந்தோஷம். "வாக்கியம் வந்துருச்சே! அதைப் படம் எடுத்து அனுப்புங்கம்மா, போதும். நான் வர வேண்டிய அவசியமே இல்ல."

"இல்ல டாக்டர். நீங்க வியாழக்கிழமையே வாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே கோபம் வந்தது. நான் கேட்க ஆசைப்பட்டதுதானே வந்திருக்கிறது? படத்தை எடுத்து அனுப்பினால் முடிந்தது. தம்பி இருப்பான். திரை சொன்னது அவன் சொன்னது இல்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்? மூடின கண்ணை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பார்த்துவிட்டேனே. அதுதான் தொல்லை.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏல, ஆபரேஷன் வேணுமா? வேணும்னா ஒரு தடவ சிமிட்டு."

கண்ணைத் திறந்தான். சிமிட்டவில்லை.

"வேண்டாமா? ரெண்டு தடவ."

அதற்கும் சிமிட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல்தான் இப்படிக் கிடக்கிறானோ?

திரை இல்லாமல் வாயாலேயே எழுத்தைச் சொல்லிப் பார்த்தேன். க, ல, த என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். உ வந்ததும் சிமிட்டினான். அடுத்துச் சொல்லச் சொல்ல ன-வில் சிமிட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. "உன்கூட இருக்கணும், அதான? உயிரோட இருக்கணும், அதானல?" என்று நானே கத்தினேன்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். அந்தத் திரை செய்ததையேதான் நானும் செய்திருந்தேன்.

*

புதன்கிழமை காலையில் கிளாராவை வீட்டில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். பழைய இரும்புக்கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே பதில். ஒரு கடைக்காரன், "ஆச்சி, அத மியூசியத்துலதான் பாக்கணும்" என்று சிரித்தான். வீட்டில் அவன் மூச்சு எப்படி இருக்கிறதோ, கிளாரா தூங்கிவிட்டாளோ என்று ஒவ்வொரு கடையிலும் அதே நினைப்பு.

திரும்பும்போது உப்பள ரோட்டில் வெயிலுக்காக எடைமேடைக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். நான் வேலை பார்த்த காலத்திலிருந்து அங்கே எடை போடுகிறவர் குணசிங் அண்ணாச்சி. உப்பு ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. அண்ணாச்சி அறைக்குள் இருந்தபடியே, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் கத்தினார்.

"ஏ, பின்சக்கரம் வெளிய நிக்கி! முன்னால எடு!"

"எல்லாம் உள்ளதான் நிக்கி, அண்ணாச்சி!"

"எவன்ட்டல சொல்லுத? அரைச் சக்கரம் மண்ணுல கிடக்கு. எடு வண்டிய!"

லாரி முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அவர் மேஜை மேல், உப்புக் காற்றுக்கு பாலிதீன் சுற்றி, முழம் அகலம்கூட இல்லாத ஒரு பெட்டி. கண்ணாடி முன்பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. அதில் கறுப்பு வெள்ளையாக, மேடைக் கேமரா காட்டும் ஒரு லாரிச் சக்கரம்.

"அண்ணாச்சி, இது நிரப்பாதா?"

"யாரு, அமலியா? எது நிரப்பாதா?"

"இந்தத் திரை."

"நிரப்புனா இத எதுக்கு நான் கட்டி அழுவுறேன்?" என்றார். "கம்பெனிக்காரன் புதுசு ஒண்ணு மாட்டிட்டுத்தான் போனான். பாதி வண்டி வெளிய கிடக்கும், அதுல பாத்தா சக்கரம் மேடைல ஜம்முன்னு நிக்கும். லாரின்னா மேடைலதான் நிக்கும்னு அதுக்கு நெனப்பு. அத நம்பி எடை போட்டா உப்பு எவன் தலைல விடியுறது? அதான் பழையதையே மாட்டிட்டேன். எடைல யூகம் ஆவாது."

"எனக்கு இது வேணும்."

"ஏட்டி, வெயில்ல மண்ட காஞ்சிட்டா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "சம்மதம்னு வந்துட்டுல்லா? பின்ன என்ன?"

"அது திரை சொன்னது. அவன் சொல்லல."

"அவன் வேண்டாம்னு சொல்லிட்டா?"

நான் வெளியே நின்ற லாரியைப் பார்த்தேன்.

"அப்பம் என்ன செய்வ?"

"தெரியல அண்ணாச்சி."

"அதத் தெரிஞ்சிக்கிடாமலா கேட்டு வந்த?" அவர் குரல் இறங்கியது. "இத நான் எடுத்தேன்னு வையி, வண்டிக்காரன் பூரா சக்கரத்த வெளிய நிறுத்துவான். எடை குறையும். டன் கணக்குல கூலி வாங்குறது உன் ஆளுகதான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். நானும் அந்தக் கூலி வாங்கியவள்தான். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லை. எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"டாக்டரு எப்பம் வாராவ?" என்றார் பின்னாலிருந்து.

"நாளைக்குக் காலைல."

"காலைலயா? வண்டி வந்து குமியிற நேரம்லா அது." எரிச்சலோடு சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

*

வியாழக்கிழமை டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஜெரோமின் மூச்சைப் பார்த்தார், முகம் மாறியது. "இனி தள்ளிப்போட முடியாதும்மா. அந்தத் திரையில வந்த வாக்கியத்தையே எடுத்துக்கறேன்," என்று தன் கைத்திரையைத் திறந்தார். ஜெரோம் என்னைப் பார்த்தான். நான் வாசலைப் பார்த்தேன். அருள்தாஸ் மட்டும்தான் கம்பி முனைகளோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி ஒருவேளை மனம் மாறினால் என்று வரச் சொல்லியிருந்தேன், வந்துவிட்டான். ஆனால் மாட்டுவதற்குத் திரை இல்லை.

"இன்னும் செத்த நேரம், டாக்டர்."

"எதுக்கும்மா?"

அப்போது மொபெட் சத்தம் கேட்டது. குணசிங் அண்ணாச்சி, காலுக்கு நடுவில் சாக்கு சுற்றிய பெட்டியோடு வந்து இறங்கினார்.

"'எடைமேடை பழுது'ன்னு பலகைய மாட்டிட்டு வந்திருக்கேன். என் ஆயுசுல மொத பொய். சீக்கிரம் ஆவட்டும்."

அருள்தாஸ் முனையை மாற்றிச் சொருகினான். படம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. எழுத்தெல்லாம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே ஓடியது. "சேராது போலிருக்கே," என்றார் டாக்டர். அருள்தாஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு திருகைத் திருகினான். ஓட்டம் மெதுவானது. இன்னும் கொஞ்சம் திருகினான். நின்றது.

க, ல, த. கட்டை கட்டையாக, ஜெரோம் செய்தபடியே.

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சக்கரமும் ஒரு கோடும் தெரிந்தன. வருஷக்கணக்காக ஒரே இடத்தைக் காட்டிக் காட்டிக் கண்ணாடியிலேயே பதிந்துபோன பின்சக்கரம். கோடு மேடையின் விளிம்பு.

விரலுக்கடியில் விசையை வைத்தேன். ஜெரோம் கண்ணைத் திறந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய திமிர் வந்தது. கட்டை இறங்கியது. டிக், டிக்.

உ.

ன. புள்ளி. ன.

அண்ணாச்சியின் போன் அடித்தது. லாரிக்காரர்கள். அவர் அதை அமுக்கினார். டாக்டர் கைத்திரையைத் தூக்கிப் படம் எடுக்கப் போனவர், கையிலிருந்ததையும் மேஜையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல 'உன்னால் எல்லாம் முடியும்'னு காட்டுது."

"அதுவும் நிரப்புது டாக்டர். கண்ணால பாருங்க."

அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குனிந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்துதான் பார்த்தோம். அவ்வளவு சின்னத் திரை. எழுத்து ஒவ்வொன்றாக ஏறியது. கடைசியில் அவன் ஒரு கேள்விக்குறியைத் தேடிப்பிடித்து வைத்தான்.

"உன்னால முடியுமா?"

பிறகு இன்னும் ஒரு வார்த்தை.

"ராத்திரி?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்று தடவை கேட்டிருக்கிறான். மூன்று தடவையும் அந்தத் திரை அதைக் காலண்டர் வாசகமாக்கிவிட்டது. நான் எழுத்துச் சொன்னபோதும் இதைத்தான் தொடங்கினான். சிமிட்டச் சொன்னபோது அவனிடம் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. என்னிடம் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று நான் ஊரெல்லாம் பயந்து திரிந்தேன். அவனோ நான் என்ன சொல்வேன் என்று காத்துக் கிடந்திருக்கிறான்.

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர் மெதுவாக.

"முடியும்டா, ஏன் முடியாது" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. யார் கேட்டாலும் அதுதான் வரும். உப்பளத்தில் கங்காணி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஜெரோம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் விரலுக்கடியில் இருந்த விசையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன்.

கட்டை இறங்குவதற்குக் காத்திருந்தேன். முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாம் தடவை பிடித்தேன். விரல் வேர்த்து வழுக்கியது. இவ்வளவு பொறுமையாகவா இவன் தினம் தினம் பேசுகிறான்?

"அலுத்துட்டேன்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி அவர் பக்கம் கையைக் காட்டித் தடுத்தார். திரை என் வார்த்தையை அப்படியே வைத்திருந்தது. மாற்றவில்லை, மெழுகவில்லை. நான் மறுபடி அழுத்தினேன்.

"தனியா முடியாது. போயிராத."

விசையைத் திரும்ப அவன் விரலுக்கடியில் வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எக்கா, சனி ஞாயிறு நான் வந்து முழிக்கேன்," என்றான் அருள்தாஸ்.

"சும்ம கெடல," என்றார் அண்ணாச்சி. "அவன் பேசட்டும்."

விரல் அசைந்தது. ஓர் எழுத்து ஏறியது.

ச.

"சம்மதம்!" டாக்டர் நிமிர்ந்தார். "சம்மதம்தானே சொல்ல வர்றார்?"

ச-வில் எத்தனையோ இருக்கிறது. சரி இருக்கிறது, சாவும் இருக்கிறது. நானும் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்துவிடத் துடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பொறுங்க டாக்டர்."

அடுத்து ண. அப்புறம் ஒரு புள்ளி. அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். கட்டை ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. அண்ணாச்சியின் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அதை அணைத்தே விட்டார். பிறகு எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றாக, அவனுடைய வேகத்தில்.

"சண்டைக்கு ஆள் வேணும்லா."

இன்னொரு இடைவெளி.

"இருக்கேன். கஞ்சில உப்பு கூட."

அருள்தாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. "வாயப் பாரு, சவத்துப் பயலுக்கு," என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை நான் சம்மதம்னு எழுதிக்கலாமாம்மா?"

"என்ட்ட கேக்காதீங்க டாக்டர். அவன்ட்ட கேளுங்க. நேரமாவும். இப்படி உக்காருங்க."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, அவனிடம் கேட்டார். கட்டை மேலிருந்து இறங்கத் தொடங்கியது. எழுத்துகளுக்குப் பின்னால், கோட்டுக்கு உள்ளேயே நின்றது அந்தப் பின்சக்கரம்.